உங்கள் நாயோடு முதல் அஜிலிட்டி போட்டிக்குப் போகும் முன்

அஜிலிட்டி என்பது வரிசையாக வைத்த தடைகளை நாய் ஓடிக் கடக்கும் விளையாட்டு. எங்கள் முதல் போட்டி நியூ ஜெர்சியில் ஒரு குதிரைக் கொட்டகைக்குள் நடந்தது. என் நாய் மிளகுக்கு அப்போது இரண்டு வயது. மூன்றாவது தடையைத் தாண்டியதும் அவள் வலப்பக்க டனலுக்குள் போக வேண்டும். இடப்பக்க டனலுக்குள் போய் மறைந்தாள். நான் "இல்ல, இல்ல, இந்தப் பக்கம்!" என்று அலறுவது வீடியோவில் நன்றாகவே கேட்கும். அன்றிரவு அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. என் வாய் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது. என் ஷூ முனை இடப்பக்க டனலின் வாயைக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் என் காலைப் பார்த்து ஓடியிருக்கிறாள்.

ஏழு வருடமாக இந்த விளையாட்டில் இருக்கிறேன். மிளகு செய்த தப்பு என்று நான் எண்ணியதில் முக்கால்வாசி இப்படி என் காலிலோ தோளிலோ போய்த்தான் முடிந்தது. அதனால் இந்த வழிகாட்டியில் நாய்க்கு எவ்வளவு பாடம் இருக்கிறதோ, அதே அளவு கூட ஓடப்போகிற உங்களுக்கும் இருக்கும்.

இது என்ன விளையாட்டு

1978-ல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டம் எழுந்து போகாமல் இருக்க ஏதாவது வேண்டியிருந்தது. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஜான் வார்லி, பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளரின் உதவியோடு குதிரைத் தாண்டல் போட்டியைப் போலவே நாய்களுக்கு ஒன்றை அமைத்தார். இடைவேளைக்காக வந்தது அப்படியே தங்கிவிட்டது. அமெரிக்காவில் 1986-ல் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கியது. அமெரிக்கன் கென்னல் கிளப், அதாவது ஏ.கே.சி., தன் முதல் அஜிலிட்டி போட்டியை 1994-ல் நடத்தியது. நான் ஓடுவது ஏ.கே.சி. போட்டிகளில். கீழே வரும் விதிகளும் அளவுகளும் அவர்களுடையவை. வேறு அமைப்பிலோ வேறு நாட்டிலோ ஓடப்போகிறீர்கள் என்றால் அங்குள்ள விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி எங்கும் ஒன்றுதான்.

ஆட்டம் எளிமையானது. நடுவர் ஒரு பாதை அமைப்பார். தாண்டும் கம்பிகள், டனல்கள், டயர், கூரைபோல் இருபக்கமும் சரிந்த ஏ-ஃப்ரேம், டாக் வாக் என்கிற உயரமான நடைபலகை, சீசா, நடுவே வளைந்து வளைந்து போக வேண்டிய வீவ் கம்பங்கள், ஒரு மேசை ஆகியவற்றுக்கு எண் போட்டிருக்கும். அந்த வரிசையில், குறித்த நேரத்துக்குள், நாய் முடிக்க வேண்டும். நீங்கள் கூடவே ஓடிக் கையாலும் குரலாலும் வழிகாட்டலாம். நாயைத் தொடக்கூடாது, தின்பண்டமும் உள்ளே கொண்டுபோகக்கூடாது. ஒவ்வொரு போட்டியிலும் பாதை புதிது. மனப்பாடம் செய்துகொண்டு போக முடியாது.

உங்கள் நாய் போதுமா

போதும். பார்டர் கோலி, ஷெல்டி, பாப்பியான் ஆகியவைதான் மேல்மட்டத்தில் அதிகம் ஜெயிக்கின்றன என்பது உண்மை. ஆனால் 2010 முதல் ஏ.கே.சி. போட்டிகளில் கலப்பின நாய்களும் ஓடலாம். வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியின் அஜிலிட்டி கோப்பையை 2024-ல் வென்ற நிம்பிள் ஒரு கலப்பினம்தான். மிளகும் காப்பகத்திலிருந்து வந்தவள். அவள் என்ன இனம் என்று கேட்பவர்களுக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பார்க்க வேண்டியது இனத்தை அல்ல, உடம்பை. கால்நடை மருத்துவரிடம் போய் "அஜிலிட்டி ஆரம்பிக்கப் போகிறோம்" என்று சொல்லி இடுப்பு, முழங்கால், முதுகு, கண் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நாய் குண்டாக இருந்தால் முதலில் எடையைக் குறையுங்கள். விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அதிகப்படி எடை ஒவ்வொரு தாண்டலிலும் முன்னங்கால் மூட்டில்தான் போய் இறங்கும்.

குட்டி என்றால் பொறுமை வேண்டும். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடும்வரை முழு உயரத்தில் தாண்டவிடாதீர்கள். திரும்பத் திரும்ப வீவ் கம்பங்களிலும் வளையவிடாதீர்கள். பெரும்பாலான நாய்களுக்கு ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் அது மூடும், பெரிய இனங்களுக்குக் கொஞ்சம் தாமதமாக. போட்டியில் இறங்கவே 15 மாதம் நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. தரையில் கற்றுக்கொடுக்க நிறைய இருக்கிறது.

வீட்டிலேயே ஆரம்பிக்கலாம்

தடைகளை வாங்க ஓடாதீர்கள். முதல் மூன்று மாதத்துக்கு வேண்டியது ஒரு கயிற்றுப் பொம்மை, சீஸ் துண்டுகள், தரையில் கிடத்திய ஒரு பலகை, ஒரு ஏணி.

கூப்பிட்டால் வர வேண்டும். எதிரே அணில் ஓடினாலும் வர வேண்டும். போட்டி வளையத்தில் லீஷ் கிடையாது, சுற்றிலும் அந்நிய நாய்கள். அடுத்தது, உட்கார வைத்துவிட்டு நீங்கள் பத்தடி நடந்துபோய்த் திரும்பி நிற்கும்வரை அசையாமல் இருப்பது. இது இல்லாவிட்டால் போட்டியில் நாய் உங்களுக்கு முன்னால் கிளம்பிவிடும். பிறகு கடைசிவரை பின்னால் ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் வலப்பக்கத்திலும் ஓடப் பழக்குங்கள். கீழ்ப்படிதல் வகுப்புக்குப் போன நாய்கள் இடப்பக்கத்தை விட்டு நகராது. அஜிலிட்டியில் இரண்டு பக்கமும் வேண்டும்.

ஏணியைத் தரையில் கிடத்தி அதன் படிகளுக்கு நடுவே மெதுவாக நடக்கவிடுங்கள். நாய்க்குத் தன் முன்னங்கால் எங்கே இருக்கிறது என்பது தெரியும். பின்னங்கால்கள் எங்கே என்பது பெரும்பாலும் தெரியாது. ஏணி அதைக் கற்றுக்கொடுக்கும். அப்புறம், விளையாட்டுதான் சம்பளம். சில நாய்கள் சாப்பாட்டுக்கு ஓடும், சில பொம்மைக்கு. பொம்மையை இழுத்து விளையாடப் பழக்கினால் வேகம் தானாக வரும்.

வகுப்பைத் தேர்ந்தெடுப்பது

சேருவதற்கு முன் ஒரு வகுப்பை நாய் இல்லாமல் போய்ப் பாருங்கள். பயிற்சியாளர் நாயைத் திட்டுகிறாரா? ஆறு மாதக் குட்டியைத் தாண்டவைக்கிறாரா? முதல் நாளே ஏ-ஃப்ரேமில் ஏற்றுகிறாரா? வந்த வழியே திரும்பிவிடுங்கள். நல்ல இடங்களில் முதல் ஆறு எட்டு வாரம் சலிப்பாகத்தான் இருக்கும்: தரைப் பயிற்சி, கீழே கிடக்கும் கம்பிகள், குட்டையான டனல். அந்தச் சலிப்புக்குத்தான் பணம் கட்டுகிறோம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிந்தியதற்குக் காரணம் இருக்கிறது. நான் முதலில் சேர்ந்த இடத்தில் மூன்றாவது வாரமே மிளகை சீசாவில் ஏற்றினார்கள். பலகையின் மறுமுனை தரையில் தட்டிய சத்தத்தில் மிரண்டு, பாதியில் குதித்துப் பார்க்கிங் வரை ஓடினாள். அதற்குப்பின் டாக் வாக்கிலும் ஏற மறுத்தாள்; அவள் கண்ணுக்கு இரண்டு பலகையும் ஒன்றுதான். சரிசெய்ய இரண்டு மாதம் ஆயிற்று. செய்தது இவ்வளவுதான்: பலகையின் நுனியை இரண்டு அங்குலம் மட்டும் உயர்த்தி வைத்து, அவளே முன்னங்காலால் தட்டிச் சத்தம் உண்டாக்கினால் சீஸ். சத்தத்தை உண்டாக்குவதே அவளுக்கு வேலை என்று ஆனதும் பயம் விட்டது. பிறகு மூன்று அங்குலம், நான்கு. நீங்கள் இதையே முதலில் செய்துவிடுங்கள்.

தொடு மண்டலமும் வீவ் கம்பங்களும்

ஏ-ஃப்ரேம், டாக் வாக், சீசா மூன்றின் இருமுனைகளிலும் மஞ்சள் வண்ணம் பூசியிருக்கும். இறங்கும்போது நாயின் ஒரு காலாவது அந்த மஞ்சளில் பட வேண்டும். மேலிருந்து பாய்ந்து மூட்டை உடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்த விதி இது. கற்றுக்கொடுக்க இரண்டு வழி. ஒன்று, பின்னங்கால் இரண்டும் பலகையில், முன்னங்கால் இரண்டும் தரையில் இருக்கும்படி நிற்கவைப்பது. மற்றது, நிற்காமல் மஞ்சளை மிதித்தபடியே ஓடவிடுவது. இரண்டாவது வேகமானது, அழகானது. புதியவர்கள் அதில் கைவைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். முதல் வழியில் நாய்க்கும் தெளிவு. ஓடிவந்து சேர உங்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

வீவ் கம்பங்கள்தான் எல்லாவற்றிலும் கடினம். மற்ற தடைகளில் ஏறுவதும் நுழைவதும் தாண்டுவதும் நாய்க்கு ஓரளவு இயல்பு. இரண்டடி இடைவெளியில் வரிசையாக நட்ட கம்பங்களுக்குள் பாம்பு போல வளைந்து போவது எந்த நாய்க்கும் இயல்பல்ல. முதல் கம்பம் எப்போதும் நாயின் இடது தோளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அது எந்தக் கோணத்திலிருந்து ஓடிவந்தாலும் இதே விதி. நோவிஸ் என்கிற தொடக்க நிலையில் 6 கம்பங்கள், மேல்நிலையில் 12.

நான் செய்த முறை இது. கொல்லையில் இரண்டே இரண்டு கம்பங்களை நட்டேன். அவற்றைக் கடிகாரத்தின் நடுப்புள்ளியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி இருக்கும் இடத்தில் நின்று நாயை விட்டால், அது இரண்டுக்கும் நடுவே புகுந்து போக வேண்டும். புகுந்த கணமே பொம்மையை அது போகிற திசையில், அதற்கு முன்னால் எறியுங்கள். உங்கள் கையிலிருந்து கொடுத்தால் நாய் உங்களைப் பார்த்துத் திரும்பிவிடும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போகாது. ஆறு மணியில் பத்துக்கு எட்டு முறை சரியாக வந்ததும் ஐந்து மணி, நான்கு மணி என்று நகருங்கள். பிறகு எட்டு, ஒன்பது. எல்லாக் கோணத்திலும் நுழைவைத் தானே தேடிப் போனால் இன்னும் இரண்டு கம்பம். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். மிளகுக்கு ஆறு கம்பம் வர ஏழு வாரம் ஆயிற்று. கம்பங்களைப் பி.வி.சி. குழாயில் நானே செய்தேன். வாங்கியிருந்தாலும் நாய்க்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

இனி உங்கள் பாடம்

நாய் முதலில் கவனிப்பது நீங்கள் ஓடுகிற திசையையும் வேகத்தையும். அடுத்து கால், மார்பு, தோள் காட்டும் பக்கம். அப்புறம் கை. வார்த்தை கடைசியில்தான். குத்துக்கல் மாதிரி ஓரிடத்தில் நின்றுகொண்டு "டனல்! டனல்!" என்று கத்துவதில் அதிகப் பயனில்லை.

பக்கம் மாற மூன்று வழி உண்டு. நாய்க்கு முன்னால், அதைப் பார்த்தபடியே திரும்பி மாறுவது ஃப்ரன்ட் கிராஸ். நாய்க்கு முன்னால், முதுகைக் காட்டியபடி மாறுவது பிளைண்ட் கிராஸ். நாயை முன்னே போகவிட்டு அதன் பின்னால் குறுக்கே கடப்பது ரியர் கிராஸ். முதலில் ஃப்ரன்ட் கிராஸை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நாய் இல்லாமல் பழகுங்கள். நான் அடுக்ககத்தின் பார்க்கிங்கில் நான்கு பிளாஸ்டிக் கூம்புகளை வைத்துக்கொண்டு, கற்பனை நாயோடு சாயங்காலம் சாயங்காலமாகச் சுற்றியிருக்கிறேன். இரண்டாம் மாடிப் பாட்டி ஒருவர் இறங்கிவந்து, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

முடிந்தால் ஒவ்வொரு பயிற்சியையும் போனில் எடுத்து, நாயைப் பார்க்காமல் உங்கள் இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள். வெட்கமாக இருக்கும். அரை மணி நேர வகுப்பைவிட அதில் கிடைப்பது அதிகம்.

பதிவும் நுழைவும்

எப்போது தயார்? பயிற்சி இடத்தில் அல்ல, வேறு ஒரு புதிய இடத்தில், அந்நிய நாய்களுக்கு நடுவே, கையில் தீனி இல்லாமல் பதினைந்து தடைகளை உங்கள் நாய் முடிக்கும்போது. நோவிஸ் பாதையில் அவ்வளவுதான் இருக்கும். வீட்டுக் கொல்லையில் செய்வதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

முதலில் நாய்க்கு ஒரு ஏ.கே.சி. எண் வாங்க வேண்டும். கலப்பினம் என்றால் 'கெனைன் பார்ட்னர்ஸ்' திட்டத்தில். போட்டி நடத்தும் சங்கம் 'பிரீமியம் லிஸ்ட்' என்ற அறிவிப்பை வெளியிடும். நாள், இடம், தரை புல்லா மண்ணா செயற்கைப் புல்லா, நடுவர் யார், கட்டணம், கடைசி நாள் எல்லாம் அதில் இருக்கும். கடைசி நாள் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்பே வந்துவிடும்; ஆரம்பத்தில் எல்லோரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஓர் ஓட்டத்துக்கு 20 டாலருக்கு மேலே ஆகும். முதல் முறை ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ ஓட்டம் போதும். இனச்சேர்க்கைப் பருவத்தில் இருக்கும் பெண்நாய் ஓட முடியாது, அதையும் கணக்குப் பாருங்கள்.

இரண்டு முக்கிய வகை: ஸ்டாண்டர்டு, ஜம்பர்ஸ். ஜம்பர்ஸில் ஏ-ஃப்ரேம், டாக் வாக், சீசா, மேசை எதுவும் கிடையாது. தாண்டலும் டனலும் வீவும்தான். சீசாவுக்குப் பயப்படும் நாய் என்றால் ஜம்பர்ஸில் தொடங்குங்கள்.

தாண்டும் உயரம் நாயின் தோள் மேட்டு உயரத்தைப் பொறுத்தது. 11 அங்குலம் வரை உள்ள நாய்க்கு 8 அங்குலம். 14 வரை 12. 18 வரை 16. 22 வரை 20. அதற்கு மேல் 24. 'ப்ரிஃபர்டு' பிரிவில் சேர்ந்தால் எல்லாமே 4 அங்குலம் குறைவு. அங்கே அளவுகோலை வைத்து அளப்பார்கள். முதல் முறை அந்நியர் ஒருவர் குனிந்து முதுகில் கட்டையை வைத்தால் நாய் நெளியும். வீட்டில் ஒரு ஸ்கேலை முதுகில் வைத்துப் பழக்கிக்கொள்ளுங்கள்.

போட்டி நாள்

எடுத்துப்போக வேண்டியவை: நாய் படுக்க கிரேட் என்கிற கூண்டு, அதன்மேல் போட ஒரு துணி, தண்ணீர், மடக்கு நாற்காலி, எளிதில் கழற்றும் லீஷ், தீனி, உங்களுக்குச் சாப்பாடு. தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். அங்கே கிடைப்பது ஹாட் டாக்தான், அதிலும் பாதி நாய்களுக்குப் போகும். வெயில் காலத்தில் காரில் நாயை விட்டுவிட்டு நகராதீர்கள். ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தாலும் சில நிமிடத்தில் உள்ளே அடுப்பாகிவிடும்.

வந்ததும் பாதையின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்புக்கு முன்னால், நாய் இல்லாமல் பாதையில் நடந்து பார்க்கச் சில நிமிடங்கள் தருவார்கள். புதியவர்கள் இதை வீணடிப்பார்கள்: எண்களை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்து, வெளியே வந்துவிடுவார்கள். முதல் சுற்றில் எண். இரண்டாவது சுற்றில் நாயின் கண் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள்: இந்தக் கம்பியைத் தாண்டி இறங்கினால் நேர் எதிரே என்ன தெரிகிறது? அது உங்கள் தடை இல்லையென்றால் அங்கேதான் உங்கள் வேலை. மூன்றாவது சுற்றில் உங்கள் கால்: எங்கே திரும்புவது, எந்தப் பக்கம் நிற்பது. நான்காவதில் ஓடியே பாருங்கள். கையை நீட்டி, வாயில் பெயரைச் சொல்லிக்கொண்டே. எல்லோரும் அப்படித்தான் பைத்தியம்போல் ஓடிக்கொண்டிருப்பார்கள், யாரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள்.

உயர வாரியாகத்தான் கூப்பிடுவார்கள். உங்களுக்கு முன் ஐந்தாறு நாய் இருக்கும்போது நாயை எடுத்து, கொஞ்சம் நடக்கவிட்டு, மூத்திரம் போகவைத்து, வெளியே இருக்கும் பயிற்சிக் கம்பியை இரண்டு முறை தாண்டவிடுங்கள். மூத்திரத்தை மறந்தால் உள்ளே போய் இருக்கும். அத்தோடு ஓட்டம் முடிந்தது. வாசலில் நிற்பவரிடம் வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். முந்தைய நாய் முடித்து, அதன் லீஷ் போட்ட பிறகு நீங்கள் உள்ளே. தொடக்கக் கோட்டில் உட்காரவைத்து லீஷைக் கழற்றினால், ஒருவர் அதை முடிவுக் கோட்டுக்கு எடுத்துப் போவார். நேரக்காரர் சைகை கொடுத்ததும் ஓடலாம். உடனே ஓட வேண்டியதில்லை, ஒரு மூச்சு எடுத்துக்கொள்ளுங்கள்.

100 மதிப்பெண்ணில் தொடங்குவீர்கள். நோவிஸில் தடைக்கு முன்னால் வந்து விலகுவது, வரிசை மாறுவது போன்ற பிழைகளுக்குக் கழிப்பார்கள். 85 இருந்தால் தகுதி, பச்சை ரிப்பன். கம்பியைத் தட்டிவிட்டாலோ, இறங்கும்போது மஞ்சளைத் தொடாவிட்டாலோ எந்த நிலையிலும் தகுதி கிடையாது. இரண்டு வெவ்வேறு நடுவர்களிடமாவது மூன்று முறை தகுதி பெற்றால் நாயின் பெயருக்குப் பின்னால் முதல் பட்டம் சேரும். எங்களுக்கு முதல் தகுதி ஐந்தாவது ஓட்டத்தில் வந்தது.

நடுவில் குளறினால்

புதிய நாய்கள் சட்டென்று நின்று தரையை மோந்துகொண்டே இருக்கும், அல்லது வாலைச் சுருட்டிக்கொண்டு வளையம் முழுக்க வட்டமடிக்கும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், நீங்கள் குறும்பு என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் அது பதற்றம். அந்த இடத்தில் குரலை உயர்த்தினால், வளையம் என்றாலே கசப்பு என்று நாய் கற்றுக்கொள்ளும். அருகில் ஒரு சுலபமான தடை, ஒரு டனல் இருந்தால் அதைச் செய்யவிட்டு, பாராட்டி, கூப்பிட்டு வெளியே வந்துவிடுங்கள். நடுவரைப் பார்த்து ஒரு நன்றி. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கிரேட்டுக்குப் போய்த் தீனி கொடுங்கள், தகுதி பெற்றிருந்தால் எவ்வளவு கொடுப்பீர்களோ அவ்வளவு.

பயந்த நாய்க்கு இன்னொரு வழி இருக்கிறது. 'எஃப்.இ.ஓ.', அதாவது காட்சிக்கு மட்டும், என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஓடலாம். மதிப்பெண் இல்லை, ஆனால் சத்தம் போடாத ஒரு பொம்மையை உள்ளே கொண்டுபோய், நன்றாகச் செய்ததற்கு அங்கேயே விளையாடலாம். கட்டணம் வீண் என்று எனக்கு ஆரம்பத்தில் தோன்றியது. மிளகின் இரண்டாவது, மூன்றாவது போட்டிகளை அப்படி ஓடியிருந்தால் அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டோம்.

உங்கள் ஓட்டம் முடிந்ததும் கிளம்பாதீர்கள். விழுந்த கம்பியை எடுத்து வைக்க, லீஷ் தூக்க என்று எப்போதும் ஆள் தேவைப்படும். போய்ப் பெயர் கொடுங்கள். வளையத்துக்குள்ளேயே நாற்காலி போட்டு, ஐம்பது அறுபது பேர் ஒரே பாதையை ஐம்பது அறுபது விதமாக ஓடுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். சில சங்கங்களில் மதியச் சாப்பாடும் உண்டு. மறுநாள் நாய்க்கு ஓய்வு: மெதுவான நடை மட்டும், நகம் பிளந்திருக்கிறதா, உள்ளங்கால் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மிளகுக்கு இப்போது ஒன்பது வயது. தோள் மேட்டில் 13 அங்குலம் இருக்கிறாள். இத்தனை நாள் 12 அங்குலம் தாண்டினாள். போன இலையுதிர் காலத்திலிருந்து ப்ரிஃபர்டு பிரிவில் 8 அங்குலம். இறங்கும்போது அவள் முன்னங்கால் இப்போது சத்தம் போடுவதில்லை. டனலைக் கண்டால் மட்டும் இன்னும் நான் சொல்லும்வரை காத்திருக்க மாட்டாள்.